பென் டிரைவ் வந்ததும் தெரிய வேண்டும், போனதும் தெரிய வேண்டும்

காட்பாடியில் ரயில்வே பாலத்துக்கு அருகில் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லூரிகளில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கும் நாட்கள் வந்துவிட்டால் கடை வாசலில் நிற்க இடமிருக்காது. ஆளுக்கொரு பென் டிரைவ். கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றாக வாங்கிச் சொருகி, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நிஜ ஃபைனல்’ என்று கிடக்கும் பிடிஎஃப்களில் சரியானதைத் தேடிப் பிரின்ட் போடுவார். ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்: “இன்னா தம்பி, கம்ப்யூட்டர்தானே படிச்சே? பென் டிரைவ சொருகினதும் பிடிஎஃப் எல்லாம் தானா வரிசையா வந்து நிக்கணும். உருவினதும் போயிடணும். அவ்ளோதான்.”

அவ்வளவுதானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அந்த நான்கு ஞாயிறுகளில் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இதே வேலையைச் செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். பைத்தானோ சி ஷார்ப்போ ஏதாவது ஒரு மொழியில் சின்னப் புரோகிராம் எழுதத் தெரிந்திருந்தால் போதும். புரோகிராமை வரிக்கு வரி தரவில்லை. எந்தப் பெயரைத் தேட வேண்டும், எந்த எண் வரும், எங்கே கால் இடறும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சொருகுவது ஒரு நொடிச் சமாச்சாரம் இல்லை

நான் செய்த முதல் தப்பு, பென் டிரைவைச் சொருகுவதை ஒரே ஒரு சம்பவம் என்று நினைத்தது. கம்ப்யூட்டருக்கு அது ஐந்தாறு சம்பவம். யூஎஸ்பி போர்ட்டில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று முதலில் தெரிகிறது. பிறகு அது என்ன பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. சேமிப்புச் சாதனம் என்றால் அதற்கான டிரைவரை ஏற்றுகிறது. அப்புறம் உள்ளே எத்தனை பார்ட்டிஷன் என்று பார்க்கிறது. ஒவ்வொன்றிலும் என்ன ஃபைல் சிஸ்டம் என்று பார்த்து, கடைசியாக அதற்கு ‘இ’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்துக் கொடுக்கிறது. லினக்ஸ் என்றால் ஏதாவது ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்கிறது, அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணைக்கிறது. அதற்குப் பிறகுதான் உங்கள் புரோகிராம் ஃபைலைத் தொட முடியும்.

காட்பாடி ஜங்ஷனில் நின்றவர்களுக்கு இது புரியும். வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது ஒன்று. என்ஜின் கண்ணில் படுவது ஒன்று. வண்டி நின்று நீங்கள் ஏறுவது இன்னொன்று. அறிவிப்பைக் கேட்டதும் காலைத் தூக்கி வைத்தால் தண்டவாளத்தில்தான் வைக்க வேண்டும். என் முதல் புரோகிராம் அதைத்தான் செய்தது. சாதனம் வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த உடனே ஃபோல்டரைத் திறக்கப் போய், பாதி நேரம் பிழையோடு விழுந்தது.

ஆகவே எழுத ஆரம்பிக்கும் முன் ஒரு முடிவு எடுங்கள். உங்களுக்கு வேண்டியது சாதனமா, அதிலிருக்கும் ஃபைலா? அலுவலகத்தில் யாரும் பென் டிரைவ் சொருகக் கூடாது என்று காவல் காக்கும் புரோகிராமுக்குச் சாதனம் வந்ததே போதும். ஜெராக்ஸ் கடைக்கு அது போதாது, எழுத்துக் கிடைத்து ஃபைல் திறக்கும் நிலை வர வேண்டும். இரண்டாவது வகைதான் பெரும்பாலோருக்குத் தேவைப்படும். நானும் அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதல் படி: கேட்டுக்கொண்டே இருப்பது

பெரியவர்கள் இதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். நான் பார்க்க மாட்டேன். இரண்டு விநாடிக்கு ஒருமுறை “இப்போது என்னென்ன டிரைவ் இருக்கிறது?” என்று விண்டோஸைக் கேட்டு, முன்பு இருந்ததோடு ஒப்பிடுவது. ஆங்கிலத்தில் இதை போலிங் என்பார்கள். கடையில் இரண்டு வாரம் இதுதான் ஓடியது, அண்ணனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

விண்டோஸில் ‘கெட் லாஜிக்கல் டிரைவ்ஸ்’ என்ற ஃபங்ஷன் ஒரே ஓர் எண்ணைத் தரும். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரைவ் எழுத்து. ஏ என்றால் 1, பி என்றால் 2, சி என்றால் 4, டி என்றால் 8, இ என்றால் 16, எஃப் என்றால் 32. சி, டி இரண்டும் மட்டும் இருக்கும் கம்ப்யூட்டரில் 12 வரும். பென் டிரைவ் சொருகி அது ‘இ’ ஆனதும் 28 வரும். மாறியதைக் கண்டுபிடிக்க இரண்டு எண்ணையும் எக்ஸ்ஆர் செய்தால் (வேறுபடும் பிட்டுகளை மட்டும் எடுத்தால்) போதும்:

பழையது = டிரைவ் எண்ணைக் கேள்
திரும்பத் திரும்ப:
  2 விநாடி காத்திரு
  புதியது = டிரைவ் எண்ணைக் கேள்
  மாற்றம் = பழையது எக்ஸ்ஆர் புதியது
  வந்தவை = மாற்றம் அண்ட் புதியது
  போனவை = மாற்றம் அண்ட் பழையது
  பழையது = புதியது

12 எக்ஸ்ஆர் 28 என்பது 16. அதைப் புதிய எண்ணோடு அண்ட் செய்தால் 16, அதாவது ‘இ’ வந்திருக்கிறது. பழைய எண்ணோடு அண்ட் செய்தால் 0, எதுவும் போகவில்லை. பைத்தான் 3.12 முதல் ஓஎஸ் மாட்யூலிலேயே ‘லிஸ்ட்டிரைவ்ஸ்’ என்று ஒன்று வந்துவிட்டது. அது எழுத்துகளின் பட்டியலாகவே தரும், பிட் கணக்கு வேண்டாம் என்பவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம்.

சரி, இதில் ஓட்டை எங்கே? ப்ராஜெக்ட் நாளில் அண்ணனின் கை வேகம் தெரிந்தால் உங்களுக்கே பிடிபடும். ஒரு பென் டிரைவை உருவி அடுத்ததைச் சொருக அவருக்கு இரண்டு விநாடி ஆகாது. இரண்டுக்கும் ‘இ’ என்ற அதே எழுத்துதான் கிடைக்கும். புரோகிராம் எட்டிப் பார்த்தபோதும் ‘இ’ இருந்தது, அடுத்து பார்த்தபோதும் ‘இ’ இருக்கிறது. மாற்றமே இல்லை என்று எடுத்துக்கொண்டது. ஒரு மாணவியின் பிடிஎஃப் பட்டியல் திரையில் நிற்க, சொருகியிருப்பதோ இன்னொருவருடையது. நல்லவேளை, பிரின்ட் போகுமுன் கவனித்துவிட்டோம்.

இரண்டாம் படி: விண்டோஸையே சொல்லவைப்பது

நாம் போய்க் கேட்காமல் விண்டோஸே வந்து சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் டபிள்யூஎம்_டிவைஸ்சேஞ்ச், எண் 537, பதினாறடிமானத்தில் 219. உங்கள் புரோகிராமுக்கு ஒரு ஜன்னல் இருந்தால் போதும். டிரைவ் எழுத்து கிடைத்தாலோ போனாலோ இந்த மெசேஜ் எல்லா மேல்நிலை ஜன்னல்களுக்கும் தானாக வரும், பதிவுகூடச் செய்ய வேண்டாம். சி ஷார்ப்பில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் எழுதுபவர்கள் ‘விண்ட்ப்ராக்’ என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து பிடிப்பார்கள்.

மெசேஜோடு இரண்டு பொட்டலம் வரும். முதலாவது, என்ன நடந்தது என்பது. 32768 என்றால் வந்தது, 32772 என்றால் போய்விட்டது. பதினாறடிமானத்தில் 8000, 8004. வேறு எண்களும் வரும். முக்கியமாக 7 என்ற எண் அடிக்கடி வரும், அதற்குப் பொருள் ‘எங்கோ ஏதோ மாறியது’ என்பது மட்டுமே. புதியவர்கள் பலர் அந்த 7-ஐப் பிடித்துக்கொண்டு, ஒரு மவுஸ் மாட்டினால்கூடப் பென் டிரைவ் வந்ததாகக் குதிக்கும் புரோகிராமை எழுதிவிடுவார்கள். அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது பொட்டலம் ஒரு முகவரி. அது பூஜ்யமாக இருந்தால் தொடாதீர்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் நாலு நாலு பைட்டாக எண்கள் அடுக்கியிருக்கும். முதல் எண் மொத்த அளவு, இரண்டாவது வகை. வகை 2 என்றால்தான் அது டிரைவ் எழுத்து சம்பந்தப்பட்டது. அப்போது 12 பைட் தள்ளி இருக்கும் எண்ணைப் படியுங்கள். மேலே பார்த்த அதே 16, 32 கணக்குதான், ‘இ’யா ‘எஃப்’பா என்று தெரிந்துவிடும். ஒரே பென் டிரைவில் இரண்டு பார்ட்டிஷன் இருந்தால் எழுத்தும் இரண்டு வரும். அதனால் ஒரு பிட் கிடைத்ததும் நின்றுவிடாமல் 26 எழுத்தையும் சோதியுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பு. மெசேஜ் வந்த இடத்திலேயே வேலையை ஆரம்பிக்காதீர்கள். ‘இ வந்தது’ என்று ஒரு வரிசையில் எழுதிப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். ஃபோல்டரைத் தேடுவது, காப்பி எடுப்பது எல்லாம் தனி த்ரெட்டில் நடக்கட்டும். அங்கேயே உட்கார்ந்து 32 ஜிபி பென் டிரைவைத் துழாவினால் ஜன்னல் உறைந்துபோகும். “சிஸ்டம் தொங்கிடுச்சு தம்பி” என்று போன் வரும். எனக்கு வந்தது.

ஜன்னலே இல்லாத புரோகிராமாக இருந்தால்? இரண்டு வழி. விண்டோஸ் சர்வீஸ் எழுதுகிறீர்கள் என்றால் ‘ரெஜிஸ்டர் டிவைஸ் நோட்டிஃபிகேஷன்’ என்பதைத் தேடுங்கள், சர்வீஸுக்கும் அது செய்தி அனுப்பும். சும்மா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான் என்றால் டபிள்யூஎம்ஐ (கம்ப்யூட்டரின் நிலையைக் கேட்டறிய விண்டோஸ் தரும் வசதி) சுலபம். ‘வின்32_வால்யூம்சேஞ்ச்ஈவென்ட்’ என்ற நிகழ்வுக்குக் காத்திருந்தால் டிரைவ் பெயரும் ஓர் எண்ணும் வரும். 2 என்றால் வந்தது, 3 என்றால் போனது. வலையில் கிடைக்கும் பல எடுத்துக்காட்டுகள் இதற்குப் பதிலாக ‘இன்ஸ்டன்ஸ் கிரியேஷன்’ என்று எழுதி, ‘விதின் 2’ என்று சேர்த்திருக்கும். அது வேலை செய்யும், ஆனால் உள்ளே டபிள்யூஎம்ஐயும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நாம் முதல் படியில் செய்ததையே வேறொருவர் தலையில் கட்டுவதுதான்.

இன்னொரு பொறி. செய்தி மட்டும் வாங்கக் கண்ணுக்குத் தெரியாத ‘மெசேஜ் ஒன்லி’ ஜன்னல் ஒன்றை உருவாக்கி, அதில் இந்த மெசேஜுக்காகக் காத்திருந்தால் வரவே வராது. எல்லாருக்கும் அனுப்பும் அறிவிப்புகள் அந்த வகை ஜன்னலுக்குப் போவதில்லை. சாதாரண ஜன்னலை உருவாக்கி மறைத்து வையுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிறு செலவானது.

மூன்றாம் படி: வந்தது சரி, திறக்கிறதா?

செய்தி வந்தபின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கால் விநாடி காத்து மறுபடி முயலுங்கள். ஐந்து விநாடி வரை பொறுத்துப் பார்த்து, அப்புறம் கைவிடுங்கள். பழைய பென் டிரைவ்களுக்கும், ஆயிரக்கணக்கில் போட்டோ கிடக்கும் பென் டிரைவ்களுக்கும் இந்தப் பொறுமை தேவைப்படும்.

ஐந்து விநாடிக்குப் பிறகும் திறக்கவில்லையென்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போயிருக்கும். அல்லது லினக்ஸிலோ மேக்கிலோ ஃபார்மட் செய்தது, விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அல்லது பிட்லாக்கர் போட்டுப் பூட்டியது, பாஸ்வேர்ட் கொடுக்கும்வரை எழுத்து மட்டும் தெரியும், உள்ளே போக முடியாது. மூன்றுக்கும் ஒரே ‘எரர்’ என்று காட்டாமல், “பென் டிரைவ் தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை” என்றாவது திரையில் எழுதுங்கள். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டுமல்லவா?

குடியாத்தத்துக் கார்டு, ஆம்பூர் ஹார்ட் டிஸ்க்

குடியாத்தத்தில் கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர் ஒருவர் இதே புரோகிராமைக் கேட்டார். கேமரா கார்டைச் சொருகினால் போட்டோக்கள் தானாகக் காப்பி ஆக வேண்டும். கொண்டுபோய்ப் போட்டேன். போலிங் முறையில் எதுவுமே நடக்கவில்லை.

காரணம் எளிது. கார்டு ரீடர் எப்போதும் கம்ப்யூட்டரில் மாட்டியே இருக்கிறது. அதற்கு ‘ஜி’ என்ற எழுத்து முன்பே கிடைத்துவிட்டது, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கார்டு வந்தால் எழுத்து மாறாது, உள்ளிருக்கும் பொருள்தான் மாறும். டபிள்யூஎம்_டிவைஸ்சேஞ்ச் மெசேஜில் இது தெரியும். 16 பைட் தள்ளி இருக்கும் குட்டி எண்ணில் 1 என்ற கொடி இருந்தால், ‘சாதனம் அதேதான், உள்ளிருக்கும் மீடியா மாறியது’ என்று அர்த்தம். கார்டு இல்லாத ரீடரைத் திறக்கப் போனால் பிழை எண் 21 வரும், ‘தயாராக இல்லை’ என்பதற்கான எண் அது. அதைப் பெரிய விபத்தாக எடுத்துக்கொள்ளாமல் ‘காலி’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில சமயம் விண்டோஸ் ‘டிஸ்க்கைப் போடுங்கள்’ என்று ஒரு பெட்டியைத் திரையில் தள்ளும். ‘செட் எரர் மோட்’ என்ற ஃபங்ஷனுக்கு 1 கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை நிற்கும்.

ஆம்பூரில் கதை வேறு. ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் தினமும் மாலை வெளி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி பேக்கப் எடுப்பார்கள். சொருகியதும் பேக்கப் தானாக ஓட வேண்டும் என்றார்கள். நான் முன்ஜாக்கிரதையாக, ‘கெட் டிரைவ் டைப்’ 2 தந்தால்தான் அது கழற்றக்கூடிய சாதனம் என்று ஒரு வடிகட்டி வைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு அது 3 தந்தது, அதாவது நிலையான டிஸ்க். யூஎஸ்பியில் தொங்கினாலும் விண்டோஸ் அதை வீட்டு மனுஷனாகவே பார்க்கிறது. பேக்கப் ஒருநாளும் ஓடவில்லை. பிழை என்று எதுவும் திரையில் வராததால் யாரும் கவனிக்கவும் இல்லை. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிரியாணி வாங்கிக் கொடுத்துத்தான் அந்த அக்கவுன்டன்ட் சாரைச் சமாதானப்படுத்தினேன்.

‘கழற்றக்கூடியதா’ என்று கேட்காமல் ‘யூஎஸ்பி வழியாக வந்ததா’ என்று கேட்பதுதான் சரி. டபிள்யூஎம்ஐயில் ‘எம்எஸ்எஃப்டி_டிஸ்க்’ என்ற வகுப்பில் பஸ் டைப் என்ற புலம் இருக்கிறது, அதில் 7 என்றால் யூஎஸ்பி. லினக்ஸிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே ‘ரிமூவபிள்’ என்ற கோப்பில் பென் டிரைவுக்கு 1, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு 0 என்று இருக்கும்.

போனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டா கேபிளில் மாட்டிய ஆண்ட்ராய்டு போனுக்கு டிரைவ் எழுத்தே கிடைக்காது. அது எம்டிபி என்ற வேறு வழியில் பேசுகிறது, மேலே சொன்ன டிரைவ் எழுத்துச் செய்தி எதுவும் வராது. கடையில் பாதிப் பேர் இப்போது போனோடுதான் வருகிறார்கள். அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இந்தப் புரோகிராம் பென் டிரைவுக்கு மட்டும் என்று.

லினக்ஸில் என்றால்

லினக்ஸில் இந்த வேலை இன்னும் வெளிப்படையாக நடக்கும், அதனால் கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்த இடம் இதுதான். டெர்மினலைத் திறந்து ‘யூடெவ்அட்ம் மானிட்டர்’ என்ற கட்டளையை ஓடவிட்டு பென் டிரைவைச் சொருகுங்கள். மளமளவென்று வரிகள் ஓடும். முன்னே சொன்ன ஐந்தாறு கட்டமும் கண்முன்னே தெரியும். ஒவ்வொரு வரியும் இரண்டு முறை வரும், ‘கெர்னல்’ என்ற தலைப்பில் ஒருமுறை, ‘யூடெவ்’ (சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) என்ற தலைப்பில் ஒருமுறை. முதலாவது பச்சைச் செய்தி. இரண்டாவது, விதிகளெல்லாம் ஓடி முடிந்து, சாதனத்தின் லேபிள், ஃபைல் சிஸ்டம், யூயூஐடி (அந்த ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) எல்லாம் சேர்த்து வரும் சமைத்த செய்தி. நமக்கு வேண்டியது சமைத்தது.

பைத்தானில் ‘பையூடெவ்’ என்ற நூலகம் இதையே தரும். ‘பிளாக்’ என்ற பிரிவுக்கு வடிகட்டி, ‘பார்ட்டிஷன்’ வகைக்கு மட்டும் காது கொடுங்கள். சில பென் டிரைவில் பார்ட்டிஷனே இல்லாமல் முழு டிஸ்க்கும் நேரடியாக ஃபார்மட் ஆகியிருக்கும். அதனால் ‘டிஸ்க்’ வகையிலும் ஃபைல் சிஸ்டம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘ஆட்’, ‘ரிமூவ்’ இரண்டும் பெயரிலேயே புரியும். கார்டு ரீடருக்கு ‘சேஞ்ச்’ வரும், குடியாத்தத்துக் கதைதான்.

ஆனால் ‘ஆட்’ வந்தது என்றால் மவுன்ட் ஆகிவிட்டது என்று பொருள் இல்லை. டெஸ்க்டாப் இருக்கும் கம்ப்யூட்டரில் யூடிஸ்க்ஸ் என்ற சேவை அந்த வேலையைச் செய்யும். டெஸ்க்டாப் இல்லாத சர்வரில் யாருமே செய்ய மாட்டார்கள், நீங்கள்தான் செய்ய வேண்டும். மவுன்ட் ஆனதா என்று பார்க்க ப்ராக் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘மவுன்ட்ஸ்’ பட்டியலைப் படிக்கலாம். பென் டிரைவின் பெயரில் இடைவெளி இருந்தால் அந்தப் பட்டியலில் இடைவெளிக்குப் பதில் பின்சாய்கோடு போட்டு 040 என்று எழுதியிருக்கும். அதை மாற்றாமல் ஃபோல்டரைத் திறந்தால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

யூடெவ் விதியில் ‘ரன்’ என்று எழுதி நேரடியாக பேக்கப் ஸ்கிரிப்டை ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த இடம் சட்டென்று முடியும் வேலைக்கு மட்டும். நீளமாக ஓடினால் யூடெவ் அதைக் கொன்றுவிடும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிப்பது) சர்வீஸ் ஒன்றை எழுதி, விதி அதைத் தூண்டும்படி வையுங்கள்.

மேக்கில் இதற்கு ‘டிஸ்க் ஆர்பிட்ரேஷன்’ என்ற ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. அதில் நான் வேலை செய்ததில்லை என்பதால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காம் படி: போவது

இதில்தான் விஷயம் கனமானது. வருவதை ஒரு விநாடி தாமதமாகத் தெரிந்துகொண்டால் ஒன்றும் குடிமுழுகாது. போவது அப்படி இல்லை. உருவிய பிறகு வரும் செய்தி உங்களைக் காப்பாற்றாது, நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.

முறையாக இஜெக்ட் கொடுத்தால் விண்டோஸ் முன்கூட்டியே கேட்கும்: “எடுக்கலாமா?” அந்தக் கேள்விக்கு எண் 32769. ஆனால் நீங்கள் அந்த டிரைவில் ஏதாவது ஃபைலைத் திறந்து வைத்து, அதன் ஹேண்டிலை (திறந்த ஃபைலுக்கு விண்டோஸ் தரும் அடையாளம்) கொடுத்து ‘ரெஜிஸ்டர் டிவைஸ் நோட்டிஃபிகேஷன்’ செய்திருந்தால்தான் கேள்வி உங்களிடம் வரும். வந்ததும் ஃபைலை மூடிவிட்டு சரி என்று சொல்ல வேண்டும். எங்கள் ஜெராக்ஸ் கடையில் இஜெக்ட் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. பிடித்து இழுப்பதுதான். அப்போது கேள்வியே வராது, நேரடியாக 32772.

ஒரு நாள் ஒரு பையன் நாற்பது பக்க ரிப்போர்ட் கொடுத்தான். என் புரோகிராம் பென் டிரைவிலிருந்தே நேரடியாகப் பக்கம் பக்கமாகப் படித்து பிரின்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முதல் பக்கம் வெளியே வந்ததும், வேலை முடிந்தது என்று நினைத்துப் பையன் பென் டிரைவை உருவிக்கொண்டான். அவன் மேல் தப்பில்லை. அன்றிலிருந்து விதியை மாற்றினேன். பிரின்ட் கொடுத்ததும் அந்த ஒரு ஃபைலை மட்டும் கம்ப்யூட்டருக்குள் ஒரு தற்காலிக ஃபோல்டரில் காப்பி எடு, மூடு, ‘இப்போது உருவலாம்’ என்று பச்சையாகக் காட்டு, பிறகு அந்தக் காப்பியிலிருந்து பிரின்ட் எடு, முடிந்ததும் காப்பியை அழி. அழிப்பதை மறக்காதீர்கள். ஆதார் நகலும் மருத்துவமனை ரிப்போர்ட்டும் வரும் கடை அது. அடுத்தவர் காகிதம் நம் கம்ப்யூட்டரில் தங்கக் கூடாது.

நீங்கள் பென் டிரைவில் எழுதுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் ‘விரைவாக அகற்றுதல்’ என்பதே இயல்பு நிலை, எழுதுவதைச் சேர்த்து வைத்துப் பிறகு எழுதும் பழக்கம் அதில் இல்லை. அதற்காக, எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் பிழைக்கும் என்று அர்த்தமில்லை. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக முடிந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் உருவினால் பாதி ஃபைல் தற்காலிகப் பெயரோடு கிடக்கும், பழைய ஃபைல் பெரும்பாலும் தப்பிக்கும். லினக்ஸில் எழுதி முடித்த பிறகும் தகவல் மெமரியில் காத்திருக்கலாம். சிங்க் செய்த (அதை டிஸ்க்கில் எழுதவைத்த) பிறகே ‘முடிந்தது’ என்று சொல்லுங்கள்.

இஜெக்ட் கொடுத்தாலும் “சாதனம் பயன்பாட்டில் உள்ளது” என்று விண்டோஸ் அடம்பிடித்தால், முதல் சந்தேகம் உங்கள் புரோகிராம் மேலேயே விழட்டும். மூடாத ஃபைல் ஒரு காரணம். இன்னொரு காரணம் யாருக்கும் தோன்றாது. ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வழியாகப் பென் டிரைவுக்குள் போனால் புரோகிராமின் ‘நடப்பு ஃபோல்டர்’ அங்கேயே நின்றுவிடும். சி டிரைவுக்குத் திருப்பிவிட்டால் விட்டுவிடும்.

மிச்சமிருக்கும் முட்கள்

யார் வந்தது என்பதற்கு எழுத்தை நம்பாதீர்கள். ‘இ’ என்பது நாற்காலி, உட்கார்ந்திருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். ஃபார்மட் செய்யும்போது விழும் வால்யூம் சீரியல் எண்ணை, லினக்ஸில் யூயூஐடியை, அடையாளமாக வையுங்கள். முதல் படியில் சொன்ன ஓட்டையை அடைப்பதும் இதுதான். எழுத்து அதேதான், சீரியல் வேறு என்றால் ஆள் மாறிவிட்டது. சாதனத்தின் யூஎஸ்பி சீரியல் எண்ணை நம்பலாமா என்று கேட்பீர்கள். மலிவான பென் டிரைவ்களில் சிலவற்றில் அது இருக்காது, சிலவற்றில் ஒரே எண் பலதில் இருக்கும்.

புரோகிராம் தொடங்கும் முன்பே சொருகியிருந்தால் செய்தி வராது. எனவே தொடங்கும்போது ஒருமுறை பட்டியல் எடுக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் செய்திக்குக் காது கொடுங்கள், அதன் பிறகு பட்டியல் எடுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவில் வந்தது யார் கணக்கிலும் சேராது. ஒரே சாதனம் இரண்டிலும் வந்தால் பரவாயில்லை, சீரியலைப் பார்த்து ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

முன்பக்க யூஎஸ்பி போர்ட் ஆடிப்போயிருந்தால் ஒரு சொருகலுக்கு ‘வந்தது, போனது, வந்தது’ என்று மூன்று செய்தி வரும். ஸ்லீப்பிலிருந்து எழுந்தாலும், கரன்ட் போய் யூஎஸ்பி ஹப் அணைந்து மறுபடி வந்தாலும் இதே கூத்து. வந்த செய்தியை ஒரு விநாடி கையில் வைத்திருந்து, நிலை மாறாமல் இருந்தால் மட்டும் நம்புங்கள். போன செய்தியை மட்டும் காக்கவைக்க வேண்டாம், திரையை உடனே துடைத்துவிடுங்கள்.

கடைசியாக, வைரஸ். சொருகியதும் தானாக ஓடுவது எவ்வளவு ஆபத்து என்று 2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீம்பொருள் உலகத்துக்கே காட்டியது. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு அதற்கு ஸ்டக்ஸ்நெட் வேண்டாம். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸை அவர்கள் வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள். உங்கள் புரோகிராம் பெயரை மட்டும் பட்டியலிடட்டும். வாடிக்கையாளர் கைகாட்டும்வரை எதையும் திறக்கக் கூடாது. ஷார்ட்கட்டுகளைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம்.

சோதித்துப் பார்க்க

நூறு முறை சொருகி உருவி போர்ட்டைத் தேய்க்க வேண்டாம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு விஎச்டி கோப்பை (கோப்பு வடிவில் இருக்கும் போலி டிஸ்க்) உருவாக்கி இணைத்துப் பிரித்தால் எழுத்து வருவதும் போவதும் அப்படியே நடக்கும். ஆனால் வகை 3 என்றுதான் காட்டும், ஆம்பூர் மாதிரி. லினக்ஸில் ‘எஸ்சிஎஸ்ஐ_டிபக்’ என்ற கெர்னல் மாட்யூலை ‘ரிமூவபிள்’ 1 என்று கொடுத்து ஏற்றினால் மெமரியிலேயே ஒரு போலி டிஸ்க் முளைக்கும். இரண்டிலும் தொடங்கும் முன் சொருகியது, ஒரே எழுத்தில் ஆள் மாறியது, படிக்க முடியாத ஃபைல் சிஸ்டம் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

காப்பி ஓடும்போது பாதியில் உருவுவதை மட்டும் நிஜப் பென் டிரைவில்தான் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தப் பென் டிரைவில். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுடையதில் வேண்டாம்.